பாலைவனத் தொட்டியைக் கழுவிய கதை

முப்பத்தொரு வருஷம் நான் பாலைவனத்தில் வேலை செய்தேன்.

பொய். மணலில் என் கால் பட்டதே ஒரு தடவைதான், மட்டக்களப்புக்கு ஒரு கலியாணத்துக்குப் போனபோது. அன்றைக்கும் சப்பாத்து போட்டிருந்தேன். நான் வேலை செய்தது பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறுகிற வழியில், சரிவில் கட்டிய ஒரு நீளமான தகரக் கொட்டகையில். வருஷத்தில் பாதி நாள் கூரையில் மழை அடிக்கும், உள்ளே பேசினால் கேட்காது. அந்தக் கொட்டகைக்குள் ஏழு கண்ணாடித் தொட்டி. ஏழு தொட்டிக்குள்ளும் பாலைவனம். அந்த அளவுக்கு நான் சொன்னது உண்மை. முப்பத்தொரு வருஷம் என்பதும் இருபத்தாறுதான். ஐந்து வருஷம் வாயில் தானாக வந்துவிட்டது.

இதை எழுதச் சொன்னவள் ஷிஃபானா. நான் பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள், என்னைவிட நன்றாக. ஓய்வுபெற்றுப் போனவனை இன்றைக்கு ஒரு வேலைக்காகக் கூப்பிட்டு, கொட்டகைக்குப் பக்கத்து அறையில் கதிரை போட்டு உட்கார வைத்திருக்கிறாள்.

"அங்கிள், ஒங்க முறை வர இன்னும் ரெண்டு மணித்தியாலம் இரிக்கி. சும்மா இருந்தா எல்லாருக்கும் பகிடி சொல்லி வேலய கெடுப்பீங்க. இந்தாங்க பேப்பர். அந்த மாசி மாசத்து கதய எழுதுங்க. இங்க ஆளுக்கொரு விதமா சொல்றாங்க. நீங்க மீனுக்கு சவக்காரம் போட்டு குளிப்பாட்டினீங்கன்னு ஒருத்தர் சொல்றார்."

சவக்காரம் போடவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் செய்தேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதைப் பிடித்துப்போய் இரண்டு வருஷம் படித்தேன். இந்தக் கொட்டகைக்கு நான் வந்ததே மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டத்தான். கான் வெட்டி முடிந்தது. போ என்று யாரும் சொல்லவில்லை, போகவா என்று நானும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் என் கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் என் பயிற்சி.

வாளியைக் கொடுத்தவர் டொக்டர் தவமலர். யாழ்ப்பாணத்துக்காரர். ஊசி போடுகிற டொக்டர் இல்லை, மீனைப் படித்த டொக்டர். அது தெரியாமல் முதல் கிழமையே என் முழங்காலைக் காட்டி வலிக்கு மருந்து கேட்டேன். அவர் குனிந்து, மரியாதையாகப் பார்த்துவிட்டு, "சன்னாசி, உங்களுக்குச் செவுள் இருந்தா நான் ஏதும் சொல்லலாம்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. இவரோடு காலம் தள்ளலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பாலைவனத்தில் ஏது மீன் என்று நானும் கேட்டவன்தான். எங்கேயோ ஒரு நாடு, பெயர் என் வாயில் நுழையாது. அங்கே பாறைகளுக்கு நடுவில் ஒரு ஊற்று. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு அறை ஒன்றின் அளவு. நாள் கணக்காக நடந்தாலும் வேறு தண்ணீர் கிடையாது. அந்த ஊற்றில் மட்டும், உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மீன். நீளம் என் சுண்டுவிரல். ஊற்று வற்றத் தொடங்கியதும் மூன்று நாடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, வைத்துக் காப்பாற்றச் சொன்னார்கள். ஒரு பங்கு டொக்டரின் கைக்கு வந்தது.

மீன் மட்டும் வரவில்லை, ஊரே வந்தது. கல்லில் பாசி. பாசியை மேய நத்தை. பாசிக்குள்ளே தூசி மாதிரித் துள்ளுகிற ஒரு பூச்சி, இறால் சாதியாம். பூச்சியைத் தின்ன மீன். மீன் கழித்ததை, கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒன்று பாசிக்குள்ளிருந்து தின்று, தண்ணீரைத் திரும்பக் குடிக்கிற மாதிரி ஆக்கிக் கொடுக்கும்.

"மகாவலியில ஒண்டு செத்தா அந்த இடத்துக்கு இன்னொண்டு வரும், சன்னாசி" என்பார் டொக்டர். "இங்க ஒரு வேலைக்கு ஒராள்தான். ஆரும் லீவு எடுக்கேலாது."

"என்னய மாதிரி."

"நீங்கள் போன கிழமை ரெண்டு நாள் எடுத்தனீங்கள்."

என் வேலை, தண்ணீரைப் பாலைவனத் தண்ணீர் ஆக்குவது. எங்கள் மலைத் தண்ணீர் மனுசனுக்குத்தான் தேன், அந்த மீனுக்கு வெறும் பச்சைத் தண்ணீர். ஆறு பீப்பாயில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மருந்து வாடை போக ஒரு முழு நாள் வைக்க வேண்டும். பீப்பாயின் அடியில் கண்டிக்கு வெளியே உடைக்கிற சுண்ணாம்புக் கல். மேலே மூன்று டின்னிலிருந்து உப்பு. டின்னில் இங்கிலீசில் எழுதியிருந்ததால் என் மனைவி பாக்கியத்தின் ஒட்டுப்பொட்டை எடுத்து ஒட்டினேன். சிவப்புப் பொட்டு மூன்று கரண்டி, மஞ்சள் ஒன்று, கறுப்பு அரை. தலைதட்டிப் போட வேண்டும். "எம் பொட்டெல்லாம் எந்த மீனு வச்சிக்கிட்டு திரியுது?" என்று பாக்கியம் கேட்டாள்.

டொக்டரிடம் இரண்டு சட்டம் இருந்தது. ஒன்று, காலையில் எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தொட்டிக்கு முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். கை முன்னால் இருந்தால் அது வேலை தேடுமாம். தோட்டத்தில் கையைப் பின்னால் கட்டுகிறவர் துரை ஒருவர்தான். என் அப்பா துரைக்கு முன்னால் கையை முன்பக்கம் கட்டி நின்று நின்றே கூன் விழுந்தவர். எங்கள் பரம்பரையில் முதன்முதலாகக் கையைப் பின்னால் கட்டியவன் நான். அதுவும் சம்பளத்துக்கு.

இரண்டாவது, கொப்பி. எழுத்து எனக்கு ஆமை வேகம் என்பதால் படம் போடச் சொன்னார். தண்ணீர் மாற்றினால் வாளி. மீன் சோர்ந்திருந்தால் குடை பிடித்த மீன். அது ஏன் குடை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. "எதை மாத்தினாலும் வரையுங்கோ. ஒரு கல்லைத் திருப்பினாலும் வரையுங்கோ."

எட்டு வருஷம் இப்படிப் போனது. எட்டு வருஷமும் நான் நாள் கூலிதான். நிரந்தரக் கடிதம் வருகிறது, வருகிறது என்றார்கள்.

ஒன்பதாவது வருஷம் மாசி மாதம். மழையே இல்லை, நல்ல வெயில். டொக்டரின் அப்பாவுக்கு நோய் கடுமை என்று யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி வந்தது. ஏழு தொட்டியிலுமாக முப்பத்தெட்டு மீனை என்னிடம் விட்டுவிட்டு அவர் பஸ் ஏறினார். போகும்போது புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியின் பக்கத்தில் ஒரு புதுப் பென்சில் வைத்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் டிரெக்டர் மாத்தயா கொட்டகைக்குள் வந்தார். சிங்களவர், நல்ல மனுசன். ஆனால் வருஷத்தில் இரண்டு தடவைதான் வருவார், வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்.

"சன்னாசி, வெள்ளிக்கிழம அந்த நாட்டு ஆள் மூணு பேர் வாறது. மீன் பாக்க. எல்லாம் நல்லா கிளீன் வேணும், ஹரித?" பாசி படிந்த கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்தார். "ஒங்கட பெர்மனன்ட் கடிதம் என்ட மேசையில தானே இருக்கு."

என் புத்தியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்தவனுக்குப் 'பெரிய துரை வாறார்' என்ற சொல் காதில் விழுந்தால் போதும், மூளை கழன்றுவிடும், கை மட்டும் வேலை செய்யும். லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு, கானுக்குப் பிளீச்சிங், வாசல் கல்லுக்குக் கூடத் தேய்ப்பு. ஒரு தடவை எங்கள் லயத்தில் ஓர் ஆட்டுக்கும் சுண்ணாம்பு பட்டுவிட்டது. துரை அதைத்தான் நின்று பார்த்தார்.

இரண்டு நாள் கழுவினேன். தேங்காய்த் தும்பை எடுத்துக் கண்ணாடியைத் தேய்த்தேன். கல்லை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, குழாயடியில் வைத்து, பல் மாதிரி வெளுக்கும் வரை தேய்த்தேன். காற்று மோட்டாரில் மாட்டியிருந்த ஸ்பொன்ஜ், பழுப்பாக, வழவழ என்று இருந்தது. அதைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்தேன், பிழிந்தேன், தண்ணீர் தெளிகிற வரை பிழிந்தேன். இரண்டரை வாளி பாசி சேர்ந்தது. கொட்டகைக்குப் பின்னால் வாழைமரத்தடியில் கொட்டினேன். வாழைக்கு நல்ல பசளை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

கொப்பியில் ஒன்றும் வரையவில்லை. மறைக்கவேண்டும் என்று அல்ல. கழுவுவது 'மாற்றுவது' என்று எனக்குத் தோன்றவே இல்லை. கழுவுவது வேலை.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மூன்று பேரில் மூத்தவர் வெள்ளை அங்கி போட்டவர். மற்ற இருவரும் படம் எடுத்தார்கள். அவர் முதலாம் தொட்டிக்கு முன்னால் நின்று, ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். டிரெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"இவர் ஊர் தண்ணி மாதிரியே இருக்காம். ஆனா அங்க ஊத்து முடிஞ்சிதாம். மத்த ரெண்டு நாட்டுக்கு குடுத்த மீனும் செத்துதாம். இப்ப லோகத்துல இது மட்டும்தான்." பிறகு என் தோளில் தட்டினார். "கிளீன். ரொம்ப நல்லா கிளீன்."

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை. கொஞ்சம் மேலே, காற்றில் போனேன்.

சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தேன். கையைப் பின்னால் கட்டினேன். ஐந்து நிமிஷம் தேவைப்படவில்லை. முப்பத்தெட்டு மீனும் தண்ணீரின் மேல்மட்டத்தில், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

டொக்டர் தினமும் எட்டு மணிக்குப் போன் எடுப்பார். கொட்டகைப் படியில் மூன்றாம் கல்லில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும்.

"எத்தினை மீன் மேல நிக்குது?"

"எல்லாம் டொக்டர்."

"செவுள் என்ன நிறம்?"

"செவப்புங்க. வெத்தல போட்ட வாயி மாதிரி."

போனில் ஆஸ்பத்திரி வண்டி ஒன்று உருளும் சத்தம் கேட்டது.

"என்ன மாத்தினனீங்கள்?"

"ஒண்ணும் மாத்தலீங்க."

"தண்ணி?"

"அதே தண்ணி, அதே கரண்டி."

"சன்னாசி, ஆறுதலா யோசியுங்கோ. என்ன மாத்தினனீங்கள்?"

அவர் குரலை உயர்த்தவே மாட்டார். அதே கேள்வியை, அதே சத்தத்தில், திரும்பக் கேட்பார். இரண்டாவது தடவை கேட்டபோது என் கண் திறந்த கதவு வழியாகத் தொட்டிக்குள் போனது. கல்லெல்லாம் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தது. கழுவியதுதான் நான் மாற்றியது என்று அப்போதுதான் புரிந்தது. வாய் மட்டும் தன்பாட்டுக்குப் பேசியது.

"நேத்து வந்தவங்கள்ல அந்தப் பெரியவரு தண்ணிக்குள்ள வெரல விட்டாரு டொக்டர்."

எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதுகொண்டு நின்ற மனுசன் தலையில் தூக்கிப் போட்டேன்.

நடுப்பகல் போன் வந்தபோது மூன்று மீன் செத்திருந்தது. தண்ணீரைச் சோதிக்கிற மருந்து முடிந்து மாதக் கணக்கு, கேட்டு எழுதிய கடிதம் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. டொக்டருக்கு இருந்தது என் கண் ஒன்றுதான். அந்தக் கண்ணை நம்பி அவர் முடிவெடுத்தார்.

"வெளியில இருந்து செவுள் நோய் ஏதோ வந்திருக்கு. அலுமாரியின்ர மேல் தட்டில நீலத்தூள் போத்தில் இருக்கு. தொட்டிக்கு ஒரு கரண்டி."

"டொக்டர், அதப் போட்டா நத்தை, பூச்சியெல்லாம் செத்துப்போகும்னு நீங்கதானே..."

"ஓம். ஊரே போகும். முதல்ல மீனைக் காப்பாத்துவம், மிச்சத்தைப் பிறகு பாப்பம். நாலு மணி வரைக்கும் பாருங்கோ. குறையாட்டி போடுங்கோ. நான் அப்பாவை ஸ்கேனுக்குக் கொண்டுபோறன், இடையில கதைக்கேலாது."

போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். கரண்டியைப் பக்கத்தில் வைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மணி இரண்டு. நோய் இல்லை என்று தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். சொன்னால் கடிதம் போய்விடும், வேலையே போய்விடும். சொல்லாமல் தூளைப் போட்டால், தேய்த்த பிறகும் மூலைமுடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்ச நஞ்சப் பாசியும் பூச்சியும் போய்விடும், மீனும் பின்னாலேயே போகும். பழி அந்தப் பெரியவரின் விரலுக்கு. யாருக்கும் தெரியாது. இரண்டரை மணிக்கு இரண்டு மீன் சரிந்தது. மூன்று மணிக்கு ஒன்று.

பாக்கியத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் நாலு பொம்பிளைகளின் சிரிப்புச் சத்தம்.

"நீ கழுவுனியா? வீட்டுல ஒரு கோப்ப கழுவி நான் பாத்ததில்ல. அங்க போயி கல்லக் கழுவுனியா?"

"பகிடிய விடு. கடுதாசி போயிரும் புள்ள."

"போகட்டும். கடுதாசி இல்லாமதானே எட்டு வருசமா சோறு திங்கிற. அந்தம்மா அப்பன ஆஸ்பத்திரியில போட்டுட்டு ஒன்னய நம்பிக் கெடக்கு. வாயத் தொறந்து சொல்லித் தொல."

நாலு மணிக்குப் போன் அடித்தது.

"போட்டுட்டீங்களோ?"

"இல்லீங்க. டொக்டர், நான்... எல்லாத்தையும் கழுவிட்டேன்."

"எதை?"

"தொட்டிய. ஆளு வாறாங்கன்னு. ஏழையும்."

"கல்லையுமோ?"

"கல்லையும்."

"ஸ்பொன்ஜ்?"

"புழிஞ்சேன்."

"எந்தத் தண்ணியில?"

"கொழாத் தண்ணியில."

கெட்ட வார்த்தை சொன்னால் கூடப் பரவாயில்லை, கொஞ்சம் உட்காரலாம் என்று இருந்தது.

"போத்திலை மூடுங்கோ" என்றார். "மூடி இறுக்குங்கோ. இப்ப சாப்பாடு ஒண்டும் போடாதையுங்கோ. கழிவைத் தின்ன ஆளில்லை, அதுகள் தங்கட கழிவையே குடிக்குதுகள். நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மூண்டில ஒரு பங்கு தண்ணி மாத்துங்கோ. பீப்பாயில எவ்வளவு இருக்கு?"

"நாலு பீப்பா. நாளைக்கு காலையோட முடிஞ்சிரும். புதுசா புடிச்சா மருந்து போக ஒரு நாள் வேணும்." கொஞ்சம் தயங்கினேன். "டொக்டர், மேல தோட்டத்து பீலியில மருந்தில்லாத தண்ணி வருது. அதப் புடிச்சி, கல்லுலயும் உப்புலயும் போட்டா?"

அந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்தேன்.

"செய்யுங்கோ. கழுவின ஊத்தை எங்க?"

"வாழமரத்தடியில கொட்டினேன்."

"காஞ்சிட்டுதோ?"

"அப்பளம் மாதிரி காஞ்சிருச்சிங்க. மூணு நாள் வெயில்."

"நல்லது."

நல்லது என்கிறாரே, மனுசிக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன்.

"சன்னாசி, அது பாலைவனத்துச் சாமான். காயப் பழகினது. முட்டையெல்லாம் அதுக்குள்ள உயிரோடதான் கிடக்கும். மண்ணோட சுரண்டாமல் எடுங்கோ. உப்பு ஏத்தின தண்ணியில போட்டு, காத்து விட்டு, வெயில்ல வையுங்கோ. உள்ளுக்கு ஈரமான கட்டி ஏதும் இருந்தா அதை ஸ்பொன்ஜுக்குப் பக்கத்தில வையுங்கோ."

வாழைமரத்தடியில் முழங்காலில் நின்று, தேக்கரண்டியால் பாசி அப்பளத்தை ஒவ்வொரு துண்டாக எடுத்தேன். எறும்பு ஏறியிருந்தது. ஒவ்வொன்றாக ஊதி விரட்டினேன். எறும்பு கடித்த கையோடு பீலிக்கு ஏறினேன். ஒரு நடைக்கு இரண்டு கேன். அன்றைக்கு எத்தனை நடை என்று கேட்டால் நாற்பது என்பேன். பதினெட்டு.

ஞாயிறு காலை பத்தொன்பது மீன் மிச்சம். பின்னேரம் பதினைந்து. திங்கள் பதினொன்று. செத்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் கொப்பியில் வரைந்தேன். குடை இல்லாமல் வரைந்தேன். மிச்சம் இருந்ததையெல்லாம் இரண்டாம் தொட்டியில் சேர்த்தேன், ஒரு தொட்டியையாவது உயிரோடு வைக்கலாம் என்று.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குப் போன் வரவில்லை. ஒன்பதரைக்கு வந்தது. பின்னால் நிறையப் பேர் அழுகிற சத்தம்.

"அப்பா விடிய அஞ்சு மணிக்குப் போயிட்டார்" என்றார். ஐயோ என்றேன். பிறகு அவர், "செவுள் இப்ப என்ன நிறம்?" என்று கேட்டார்.

"ரோசாப்பூ நெறம் டொக்டர். மேல வந்து நிக்கிறது கொறஞ்சிருக்கு. ஏழு இருக்கு."

"ஓம்" என்றார். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

புதன்கிழமை பூச்சி பிறந்தது. வாளியை வெயிலுக்குச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தூசி, இருந்த இடத்திலிருந்து ஒரு துள்ளுத் துள்ளியது. காற்றுக் குழாய் தள்ளியிருக்கும் என்று குழாயை எடுத்தேன். திரும்பத் துள்ளியது. பக்கத்தில் இன்னொன்று. நான் நாலு பிள்ளை பெற்றவன். ஒன்றுக்கும் அப்படிக் கத்தியதில்லை. டிரெக்டர் மாத்தயா பாம்பு என்று நினைத்து ஓடிவந்தார். அவரிடமும் அன்றைக்கே எல்லாம் சொன்னேன். அவர் முகம் மாறியது. கடிதம் மேசைமேலிருந்து பூட்டுகிற லாச்சிக்குள் போனது. அது திரும்ப வெளியே வர இரண்டு வருஷம்.

ஆனால் வியாழக்கிழமை மிச்சம் இருந்தது ஐந்து மீன். நாலு ஆண், ஒரு பெண். ஆண் மீனுக்கு நீலக் கரை இருக்கும். பெண் வெறும் சாம்பல் நிறம், பக்கத்தில் கோடு. நாலு ஆணும் பூச்சியைத் தின்னத் தொடங்கிவிட்டன. அந்தப் பெண் மட்டும் ஒரு கல்லுக்குக் கீழே போய், வயிறு ஒட்டி, அசையாமல் கிடந்தது. அதுவும் போனால் மற்ற நாலையும் வைத்துப் படம்தான் எடுக்கலாம்.

ஞாயிறு காலை கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் பையோடு டொக்டர் கொட்டகைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. நான் கும்பிட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு, பையைக் கீழே வைத்து, இரண்டாம் தொட்டிக்கு முன்னால் நின்றார். ஐந்து நிமிஷம். நானும் பக்கத்தில் நின்றேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பெண் எத்தினை நாளாச் சாப்பிடேல்லை?"

"எட்டு நாளுங்க."

வாளியிலிருந்து சொட்டுக்குழாயில் பூச்சியை உறிஞ்சி எடுத்தார். அதை என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் குடுங்கோ. எட்டு நாளும் உங்களைத்தான் பாத்தது."

"கை நடுங்குதுங்க டொக்டர்."

"நடுங்கட்டும். பூச்சியும் அப்பிடித்தான் துள்ளும்."

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கல்லின் ஓரமாகக் குழாயை இறக்கினேன். இரண்டு பூச்சியை விட்டேன். ஓர் ஆண் பாய்ந்து வந்து இரண்டையும் தின்றது. டொக்டர் சின்ன வலையால் அதை மறித்துப் பிடித்தார். திரும்ப விட்டேன். பூச்சி அவள் மூக்குக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போனது. அவள் பார்க்கக்கூட இல்லை. கீழே விழுந்து மணலில் மறைந்தது.

"அவசரப்படாதையுங்கோ."

குழாயில் மூன்று பூச்சி மிச்சம். டொக்டரின் மூச்சு என் காதில் பட்டது. ஒன்றை விட்டேன். அது சுழன்று, அவள் கண்ணுக்கு நேரே வந்து நின்று, ஒரு துள்ளுத் துள்ளியது. அவள் கண் திரும்பியது. கண் மட்டும். பிறகு வால் ஒரு பக்கம் மெதுவாக வளைந்தது. டொக்டர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார், பிடித்தது அவருக்கே தெரியாது. பூச்சி இன்னொரு துள்ளுத் துள்ளியது. அவள் கல்லுக்குக் கீழிருந்து அரை விரல் முன்னால் வந்து, தலையைச் சரித்து, வாயை

"அங்கிள்! எழுதினது போதும், வாங்களேன்! மீன் நாநூத்திப் பன்னெண்டு எண்ணியாச்சி. பெட்டியெல்லாம் கட்டி வேன்ல ஏத்தியாச்சி, கடைசிப் பெட்டிதான் மிச்சம். அங்க வத்தின ஊத்துல திரும்பவும் தண்ணி வந்து முழங்காலுக்கு மேல நிக்கிதாம், அந்தப் பெரியவர்ட மகன் காத்துக்கிட்டு இரிக்கிறாராம். டொக்டர் மிஸ் போன்ல இரிக்கிறா. நீங்க செவுள் பாத்துச் சொல்லாம இந்தப் பெட்டிய மூடக் கூடாதாம். நாங்க எல்லாரும் பாத்துட்டோம்னு சொன்னா கேக்குறா இல்ல."

வாறேன் தாயி, வாறேன்.